வதனிக்கு அனுப்பிய போத்தல்

ஓகஸ்ட் மாதம் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நோர்வேக்காரர்கள் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, சாப்பாட்டு மேசையில் கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் கூடுதலாகக் கறுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் வருடா வருடம் இது நடக்கும். கிரேக்கத்துக்குப் போய் வந்தவளும் கை நீட்டுவாள், வீட்டு முற்றத்தில் துவாயை விரித்துப் படுத்துக் கிடந்தவளும் நீட்டுவாள். ஆகக் கூடக் கறுத்தவளுக்குப் பாராட்டு. வெளுத்த கையோடு வந்தவளைப் பார்த்து, பாவம், மழைக்குள் அகப்பட்டுவிட்டாய் போல என்று அனுதாபப்படுவார்கள். பதின்மூன்று வருடமாக நான் இதை ஒரு ஓரத்தில் இருந்து பாணைக் கடித்துக்கொண்டு பார்த்து வந்திருக்கிறேன். என்னைக் கை வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நான் போட்டியில் இல்லை.

இந்த வருடம் கேட்டார்கள். இரண்டு கிழமை திருகோணமலையில் நின்றுவிட்டு வந்திருந்தேன். கூட வேலை செய்கிற ஆன்னெ என் கையைப் பிடித்து மேசையில் வைத்து, "ஸோ ப்ரூன் டூ ஆர் ப்ளித்" என்றாள். எவ்வளவு கறுத்துவிட்டாய் என்று அர்த்தம். குரலில் அப்படி ஒரு சந்தோசம். ஐந்து நாளைக்கு முன் திருகோணமலை பஸ் நிலையத்தில் பள்ளிக்கூடச் சினேகிதி ஒருத்தி இதே வசனத்தைச் சொன்னாள்: "என்னடி இப்பிடிக் கறுத்துப் போனாய்? அங்க சோறு தண்ணி இல்லையோ?" இங்கே வாழ்த்து, அங்கே துக்க விசாரிப்பு. இதை நினைத்துச் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு வருவதற்குப் பதினொரு வருடம் எடுத்தது. அதற்குக் காரணம் ஆன்னெ நல்ல மனதோடு தந்த ஒரு போத்தல் கிரீம், அதை நான் ஒரு சொல்லும் கேட்காமல் என் தங்கை வதனிக்கு அனுப்பியது.

எங்கள் வீடு உட்துறைமுக வீதியில் இருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. அப்பா துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், எனக்கும் வதனிக்கும் இரண்டு வயது வித்தியாசம். நான் அம்மாவின் நிறம், பொதுநிறம் என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். அவள் அப்பாவின் நிறம், நல்ல கறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா, பாசிப்பயறு அரைத்து ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்திருக்கிற பயற்றம்மாவைத் தயிரும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் குழைப்பாள். எனக்கு ஒரு பூச்சு, வதனிக்கு இரண்டு. அது காயுமட்டும் கிணற்றடியில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று கிட்ட வந்து அவளுடைய கையை நக்கிவிட்டுப் போன நாளும் உண்டு. அம்மா உரஞ்சிக் கழுவிவிட்டு, அவளை அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நிற்பாட்டி, "கொஞ்சம் வெளிச்சிருக்கு, என்ன?" என்று என்னைக் கேட்பாள். நான் ஓம் என்பேன். வதனி கண்ணாடியைப் பார்க்காமல் என்னைத்தான் பார்ப்பாள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் அவளுக்குக் கூடுதலாக நாலு வாளி. பின்னேர ரியூசனுக்குக் குடை இல்லாமல் அவள் போனதில்லை. கடற்கரைக்கு நாங்கள் போவது வெயில் தாழ்ந்த பிறகுதான், துறைமுகத்தில் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பத்துகிற நேரம். வெள்ளையாக்கும் கிரீம் ரியூப் முடிந்தால் பிளேட்டால் பிளந்து உள்ளே வழிப்போம். அதையெல்லாம் கொடுமை என்று நாங்கள் நினைக்கவில்லை. பயற்றம்மாவின் வாசம், ஈரத் தலைமயிர், அம்மா திட்டிக்கொண்டே பூசிவிடுகிற கை, இவையெல்லாம் இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது. எனக்கு இனிப்பாக இருக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு எப்படி இருந்தன என்று மட்டும் நான் கேட்டதே இல்லை.

கேட்காதது போகட்டும், வாயை வைத்துக்கொண்டு சும்மாவாவது இருந்தேனா? எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட நாடகத்தில் வதனிக்கு அரக்கி வேடம். முகத்தில் பூசக் கரி கொண்டு வரச் சொல்லி ரீச்சர் கேட்டா. முன்வரிசையில் நின்ற நான், "வதனிக்குக் கரி தேவையில்லை ரீச்சர்" என்றேன். மண்டபமே சிரித்தது. வதனியும் சிரித்தாள். அவள் சிரித்தபடியால் கதை அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நோர்வேக்கு வந்து இரண்டாவது வருடம் வதனிக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. மாப்பிள்ளை குகன், தம்பலகாமத்தில் வயலும் உழவு மெசினும் உள்ள ஆள். அம்மா அதற்கு முதல் வருடமே கண்ணை மூடிவிட்டாள். என்னுடைய விசா அலுவல் முடியாததால் நாட்டை விட்டு வெளியே போக ஏலாது. அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை, அப்படி ஒரு கலியாணம். வேலையில் இதைச் சொல்லிக் கண் கலங்கியபோது ஆன்னெ அடுத்த நாள் தங்க மூடி போட்ட ஒரு போத்தலைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "உன் தங்கைக்கு என்னுடைய பரிசு. இங்கே கலியாணப் பெண்கள் எல்லாரும் கடைசிக் கிழமை இதைத்தான் பூசுவார்கள். நானும் பூசினேன். மூன்று இரவு போதும்" என்றாள். வாசம் அவ்வளவு நல்லது. போத்தலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ நிறைய இருந்தது. மருந்து நேரமும் படுக்கை விரிப்பும் அளவுக்குத்தான் எனக்கு அப்போது பாசை. கலியாணப் பெண்கள் பூசுவது என்ற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. கலியாணப் பெண் வேறு எதற்குக் கிரீம் பூசுவாள்? ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். மூன்று இரவு பூசு, அம்மாவின் பயற்றம்மாவை விட நல்லது என்று கடிதமும் வைத்தேன்.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. இந்த நாட்டுப் பெண்கள் கலியாணத்துக்கு முன் தங்களைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். வெள்ளை உடுப்புக்கு வெள்ளைத் தோல் எடுபடாதாம். இந்தக் கிரீமை இரவு பூசிவிட்டுப் படுத்தால் காலையில் வெயிலில் ஒரு மாதம் கிடந்த நிறம் வரும், ஒரு கிழமை நிற்கும், சவர்க்காரத்துக்கும் போகாது.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை வதனி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, உரஞ்ச உரஞ்சப் போகுதில்லை. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டா இருக்கு. உள்ளங்கையும் மஞ்சளாப் போட்டுது" என்றாள். போத்தலைப் பார்த்து வாசி என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, அகராதியில் தேடி, கடைசியில் விசயத்தைச் சொன்னேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அரக்கி வேசத்துக்குக் கரி தேவையில்லை எண்டு சொன்னனீங்கள். கலியாணத்துக்குத் தேவை எண்டு நினைச்சிட்டீங்களோ அக்கா? பகிடிக்கோ அனுப்பினீங்கள்?" தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பதினாறு வருடமாக அந்த ஒரு வசனத்தை அவள் வைத்திருந்திருக்கிறாள். நான் மறந்தே போனேன். அன்று மத்தியானம் வேலையில் ஆன்னெ ஆவலோடு, "தங்கைக்கு நிறம் நன்றாகப் பிடித்ததா?" என்று கேட்டாள். அவளுக்கு எதை எங்கே இருந்து தொடங்கிச் சொல்வது? "நன்றாகப் பிடித்தது" என்று சொல்லிவிட்டு உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு வதனியோடு கதைக்காமல் இல்லை. தெரியாமல் நடந்தது என்று நூறு தரம் சொன்னேன். "சரி அக்கா, விடுங்கோ" என்பாள். நம்புகிறேன் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பா செத்து முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்குப் போன நேரம் கலியாண அல்பத்தைக் கேட்டேன். "அது எங்கையோ பெட்டிக்கடியில" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் செய்தது தெரியாமல் விட்ட பிழையா, வேண்டுமென்று செய்த பகிடியா என்று அவளுக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கேள்வியோடு நாங்கள் இரண்டு பேரும் கிழவியாகிவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இந்த யூலையில் போனபோது சூட்கேஸ் நிறையக் கிரீம்கள் கொண்டு போனேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்த பிறகுதான் வாங்கினேன். ஒரு பின்னேரம், விறாந்தை நிலத்தில் அவற்றைப் பரப்பி வைத்தேன். வதனியின் மகள் ஆரணிக்கு ஒன்பது வயது, தாயின் நிறத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதில எது வெள்ளையாக்கிறது?" என்று கேட்டாள். குசினிக்குள் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. இது வெயில் சுடாம இருக்க. இது தோல் காயாம இருக்க" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு?" என்றாள் ஆரணி.

வதனி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் அலுமாரியைத் திறந்து, மேல் தட்டில் இருந்தே அல்பத்தை எடுத்தாள். பெட்டிக்கடியில் ஒன்றும் அது இருக்கவில்லை. "இந்தா, பெரியம்மா அனுப்பின கிரீமின்ர வடிவைப் பார்" என்று மகளுக்கு விரித்தாள். அலங்காரம் செய்ய வந்த பெண் திட்டுகளை மறைக்கப் பவுடரை அப்பித் தள்ளியிருக்கிறாள். மணவறையில் முகம் மா வெள்ளை, மாலை பிடித்த கைகள் மண் நிறம். ஆரணி வடிவாகப் பார்த்தாள். "முகம் வேற ஆரின்ரையோ முகம். கை மட்டும் உங்கட கை அம்மா" என்றாள்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "வதனி, கிரீம் நான் தெரியாமத்தான் அனுப்பினனான். ஆனா அந்தக் கரிக் கதை தெரிஞ்சுதான் சொன்னனான். எல்லாரையும் சிரிக்க வைக்க வேணும் எண்டு சொன்னனான். அதுக்கு நான் ஒருக்காலும் மன்னிப்புக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்."

அவள் அல்பத்தை மூடி மகளின் மடியில் வைத்தாள். "ஒரு கிழமையால அந்தப் பூச்சுக் கழண்டது அக்கா. ஒரு நாள் காலமை தம்பலகாமத்தில, கிணத்தடியில முகம் கழுவிப்போட்டுக் கண்ணாடியைப் பாக்கிறன், என்ர பழைய நிறம் நிக்குது. அப்பாடா எண்டிருந்தது. பிறந்து அண்டைக்குத்தான் அந்த நிறத்தைக் கண்டு எனக்குச் சந்தோசம் வந்தது. அதுக்குப் பிறகு முகத்தில ஒண்டும் பூசுறேல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்காக உங்களில கோவம் இல்லை எண்டு நினைக்காதேங்கோ. கோவம் கோவந்தான்" என்றாள்.

சொல்லிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி எனக்கு முன்னால் இருந்தாள். அடுப்புச் சூட்டில் முகம் வியர்த்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வரிசையாக இருந்த போத்தல்களைக் கண்ணால் ஒரு தரம் பார்த்தாள். இது என்ன, அது என்னத்துக்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். "ஏதோ ஒண்டைப் பூசிவிடுங்கோ" என்றாள். அம்மா பூசுகிற மாதிரி நெற்றியில் தொடங்கிக் கழுத்துவரை பூசிவிட்டேன். கண்ணீர் மறைத்தபடியால் எந்தப் போத்தலை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் தொடங்கி நாங்கள் மூன்று பேரும் குடை இல்லாமல் கடற்கரைக்குப் போனோம், நடு மத்தியானமும் போனோம். அந்த வெயில்தான் ஆன்னெ மேசையில் வைத்துப் பார்த்த வெயில். "தங்கைக்கு இன்னொரு போத்தல் அனுப்புவோமா?" என்று ஆன்னெ இந்த முறை கேட்டாள். "வேண்டாம், அவளிடம் இருக்கிற நிறமே போதும்" என்றேன். கொடுத்து வைத்தவள் என்று ஆன்னெ பெருமூச்சு விட்டாள். இந்தத் தரம் நான் பொய் சொல்லவில்லை.

என் இடது கையில் மணிக்கூட்டு வார் இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. வாருக்குக் கீழே இந்த நாட்டுக்காரியின் வெளிறிய தோல், அதற்கு மேலே திருகோணமலை. ஒக்ரோபர் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கறுப்பு மங்காமல் நிற்க என்ன செய்யலாம் என்று, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒருவரிடம் கேட்டேன். தோலைக் காயவிடாதே, நிறையக் கிரீம் பூசு என்றாள் ஆன்னெ. வேலைக்கு வெளிக்கிட முதல், குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று தாராளமாகப் பூசுகிறேன். இன்று காலையும் மணிக்கூட்டைக் கழற்றிப் பார்த்தேன். கோடு இன்னும் இருக்கிறது.