மாடு நின்றால்தான் பேசும் ஆன்டெனா

பிள்ளைகளே, நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் சவுக்குக் கழியைப் பார்த்து நீங்கள் இப்போதும் சிரிக்கிறீர்கள். அது எப்படிப் பேச ஆரம்பித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, உப்பளத்தில் மோட்டார் பார்க்கப் போனவன். வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேச உரிமை தரும் அமெச்சூர் ரேடியோ பரீட்சையில் இரண்டாம் தடவைதான் தேறினேன். லைசென்ஸ் வந்த அன்றே, பெரியவளே, நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாய்: "ஞாயித்துக்கிழமை எங்கப்பா வெளிநாட்டுக்காரங்ககூடப் பேசுவாரு, வந்து பாருங்க." அப்போது நம் வீட்டில் ஆன்டெனாவே இல்லை.

கம்பியைக் குறுக்காகக் கட்டலாம் என்றால் இரண்டு பக்கமும் உயரம் வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் தென்னையைக் கேட்டேன். "கரண்டு வுட்டா குரும்பை கொட்டிடும், போப்பா" என்று சொல்லிவிட்டார். ஆகவே நெட்டுக்குத்தாக ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன். சவுக்குக் கழியை நட்டு, அதன்மேல் செம்புக் கம்பியை ஏற்றி, அடியில் தரையோடு தரையாகச் சில கம்பிகளைச் சக்கரத்தின் ஆரக்கால்போலப் பரப்பினேன். இந்த வகைக்குத் தரை மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும் என்று படித்திருந்தேன்.

வேறு ஊர்க்காரன் என்றால் தண்ணீர் ஊற்றியிருப்பான். நான் உப்பு விளையும் மரக்காணத்துக்காரன். உப்புப் பாத்தியின் அடியில் தங்கும் அழுக்கு உப்பை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொல்லை முழுவதும் கொட்டினேன்.

"ஆன்டெனா போடுறீங்களா, கருவாடு போடுறீங்களா?" என்றாள் உங்கள் அம்மா.

கொட்டிய மறுநாளே அந்த அக்காவின் மாடு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. விரட்டினால் போகும், திரும்பினால் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தரையை நக்கும். பின்னாலேயே அக்காவும் வந்தார்.

"ஏம்பா, எம் மாட்டுக்கு இன்னா வெச்ச? புல்லு போட்டா மூஞ்ச திருப்பிக்குது. டீக்கடக்காரன் பாலு உப்பு கரிக்குதுன்றான்!"

"பால்ல எப்படிக்கா உப்பு வரும்?"

"அத்த நீதான் சொல்லணும். படிச்சி பாஸ் பண்ணவன் நீதானே."

இதற்கிடையில் ரேடியோவில் யாருமே எனக்குப் பதில் சொல்லவில்லை. ஆன்டெனா சரியாக இருந்தால் ரேடியோவோடு இணைத்த மீட்டரின் முள் கீழே இறங்க வேண்டும். என் முள்ளோ மேலேயே நின்றது. ஒரு சமயம் மட்டும் சட்டென்று இறங்கியது. எட்டிப் பார்த்தேன். கழிக்குப் பக்கத்தில் மாடு நின்றிருந்தது. விரட்டினேன், முள் ஏறியது. திரும்ப வந்தது, முள் இறங்கியது. உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மீட்டரைப் பார்க்காமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிறு காலை வகுப்புப் பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவளே, நீ முன்னால் நின்றாய். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ரேடியோவில் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. கொல்லையில் மாடு இல்லை. அக்கா கட்டிப் போட்டுவிட்டார். ஓடினேன்.

"அக்கா, மாட்ட கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"நிக்க வெக்கணும்."

"நிக்க வெச்சி?"

"பேசணும்க்கா. பாப்பா ஸ்கூல்ல சொல்லிட்டா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கயிற்றை அவிழ்த்து அவரே மாட்டை ஓட்டிவந்தார். "எங்க நிக்கணும்? இங்கியா? தள்ளியா?" நான் ஜன்னல் வழியாகக் கை காட்ட, மாடு ஒரு அடி எடுத்து வைத்தது. முள் இறங்கியது. கூப்பிட்டேன்.

ஒரு குரல் வந்தது. "வணக்கம். இஞ்ச யாழ்ப்பாணம். நல்லாக் கேக்குது."

மைக்கை அழுத்திவிட்டேன், பேச்சு வரவில்லை. அந்த நேரம் பார்த்து மாடு "ம்மா" என்று ஒரு கத்து கத்தியது.

"அங்க மாடு ஒண்டு கத்துது போல கிடக்கு?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். அதற்குள் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ஊர், பெயர், மழை, எல்லாம் பேசினோம்.

முடிந்ததும் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "தமிழ்ல பேசுறாரு, இது வெளிநாடா?"

"கடல் தாண்டி இருக்குதுடா" என்றாய் நீ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

மறுநாள் கம்பிகளைத் தோண்டிப் பார்த்தேன். நான் கொட்டிய உப்பே கம்பிகளை முறுக்கிச் சேர்த்த ஓர் இடத்தை அரித்துப் பச்சையாக்கி, இணைப்பு விட்டுப் போயிருந்தது. மாட்டின் குளம்பு அதை மிதிக்கும்போது மட்டும் சேர்ந்திருக்கிறது. ஈயத்தை உருக்கிச் சால்டரிங் வைத்து ஒட்டினேன். உப்பு மண்ணை அள்ளி வெளியே கொட்டினேன்.

இப்போது மாடு இல்லாமலே பேசுகிறேன். ஆனால் உன் வகுப்பில் யாரும் அதை நம்புவதில்லை. வெளிநாட்டுக்காரரிடம் முதலில் பேசியது மாடுதான், உங்கப்பா அப்புறம்தான் பேசினார் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மைதான். அக்காவும் அதைத்தான் சொல்லிப் பால் விற்கிறார்.