நான் நேராக்கிய முறுக்கு

மாதா திருநாளுக்காக நான் தைத்து வைத்திருந்த ரிப்பன் வளையங்களோடு ஒன்று முறுகிக் கிடந்தது. மாதாவுக்குக் கோணலாய்ப் போடலாமா? இழுத்தும் திருப்பியும் முறுக்கு போகவில்லை. வெட்டி நேராகத் தைத்துவிட்டேன்.

அது பௌதிகம் படிக்கும் என் மகளுடையது. பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சையில் காட்டுவதற்கென்றே அவள் முறுக்கித் தைத்தது. பரீட்சையன்று, கணினித் திரையில் பரீட்சகர்கள் பார்த்திருக்க, லிங்கநகர் வீட்டில் கமராவுக்கு முன் அதை எடுத்தவளின் முகம் வெளிறியது.

“அம்மா, இதில இருந்த முறுக்கு எங்க?”

“எவ்வளவு இழுத்தும் போகேல்ல பிள்ளை. வெட்டித்தான் எடுத்தனான்.”

திடீரென்று சிரித்தாள். “கேட்டனீங்களா சேர்? மின்சாரம் தடையில்லாமல் ஓடுற மீகடத்திகள் சிலதில, இலத்திரனின்ர சுழற்சி அதின்ர ஓட்டத்தோட பிணையேக்க இப்படி ஒரு முறுக்கு விழலாம். ரிப்பனை வெட்டுறமாதிரி, சக்தி மட்டங்களுக்கு நடுவில இருக்கிற இடைவெளி ஒருக்கா மூடாமல் அதை எடுக்கேலாது. அம்மா கத்தரிக்கோலால நிரூபிச்சிட்டா!”

“ஓம், நல்ல சாட்சி,” என்றார் பரீட்சகர். “அம்மா, இனி வெட்டமுதல் கேளுங்கோ.” எல்லோரும் சிரித்தார்கள். மகள் சித்தியடைந்தாள்.

எனக்குப் பாதிதான் விளங்கியது. அடங்காத பெண் என்று நினைத்து, “இவளைத் திருத்தும் ஆண்டவரே” என்றே இத்தனை வருடம் செபித்தவள் நான். அன்று முழந்தாளில் நின்று நன்றி மட்டும் சொன்னேன்.