குவேக்கர் கவிஞரும் எங்கள் லாச்சியும்

அடிமை முறைக்கு எதிராகக் கவிதை எழுதி, அதற்காகக் கல்லெறியும் வாங்கிய ஓர் அமெரிக்கக் கவிஞரைப் பற்றிப் பேச, புலம்பெயர்ந்த தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலின் வாசகர் வட்டத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மாதம் அவரோடுதான் மாரடித்தேன். அவர் குவேக்கர். அந்தக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், மனம் உந்தியவர் எழுந்து பேசுவார். படித்ததையெல்லாம் என் கணவருக்குச் சொல்வேன். நல்ல மனிசன் என்று தலையாட்டுவார்.

அப்படித் தலையாட்டியவரின் மேசை இழுப்பறைக்குள், எங்கள் பேச்சில் லாச்சிக்குள்தான், எங்கள் சாப்பாட்டுக் கடையில் பத்து வருடமாகச் சமைக்கும், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுபவரின் பாஸ்போர்ட் கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தது. ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்று அண்ணை இரண்டு தரம் கேட்டும் சாக்குத்தான் கிடைத்தது. பக்கத்திலுள்ள மார்க்ஸ் டோர்மோயில் வேறொரு கடைக்காரர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் கொடுத்தால் போய்விடுவார் என்று இவருக்குப் பயம். வீட்டில் சண்டை எதற்கு என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் அண்ணையும் வந்திருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. முடிவில், குவேக்கர்களைப் போல நாமும் ஐந்து நிமிடம் மௌனமாக இருப்போம் என்றேன். உடனே எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். எங்கள் கூட்டங்களில் மௌனம் என்றால் போரில் இறந்தவர்களுக்கான அகவணக்கம், நின்றுதான் பழக்கம். உட்காரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அண்ணை மட்டும் உடனே உட்காரவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றே பழகியவர், என் கணவர் உட்காரும்வரை காத்திருந்தார்.

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மணி நேரம் எங்கோ ஓர் ஊரின் அநியாயத்தைக் கிழித்தவள் நான். அந்த மௌனத்தில் எழுந்தேன்.

"அண்ணையின்ரை பாஸ்போர்ட் எங்கடை லாச்சிக்குள்ளை கிடக்கு. எனக்கும் தெரியும். நானும் பேசாமல் இருந்திட்டன்."

என் கணவர் என்னைப் பார்க்காமல் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கல்யாணத்துக்குப் போட்டு வாங்கோ, அண்ணை. பிறகு எங்கை வேலை செய்யிறதெண்டாலும் உங்கடை விருப்பம்."

அவர்மேல் அப்போது எனக்கு வந்த அன்பு, எங்கள் கல்யாண நாளில்கூட வந்ததில்லை. அண்ணை பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, தான் உட்கார்ந்திருந்த நீள வாங்கில் சற்று நகர்ந்து இடம் விட்டு, பத்து வருடமாக முதலாளி என்றே கூப்பிட்டவர் சொன்னார்:

"இருங்கோ தம்பி."