தவக்காலத்தில் வீங்கிய கால்

என் அப்பா தொம்மை, கொத்தனார். கிளியனூரிலிருந்து வானூர் பக்கம் சைக்கிளில் போய் இருபது வருடம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டியவர். 1993இல் கல்யாணமானபோது, சாராயம் தொடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாராம்.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், ஒவ்வொரு வருடமும் அவருடைய வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலே கத்துவார். சாரம் ஏற முடியாது.

"தொம்மண்ணே, தவசு நாள்லயே ஊத்திக்கினியா?" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். குடிகாரனுக்குத்தான் அப்படி வீங்கும் என்பது தெருவின் தீர்ப்பு. உயிரியல் படித்த நானும் அதை நம்பினேன்.

2012இல், பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் கோயிலில் சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் முதன்முறையாக அப்பா பெயரும் வந்தது. புது வேட்டி வாங்கினார். வியாழனுக்கு நான்கு நாள் முன்பு கால் வீங்கியது. அந்தக் காலைக் கோயிலே பார்க்குமே என்று எனக்குக் கூசியது. அந்தப் பட்டியல் போடும் கோயில் உபதேசியாரிடம் போய், "அப்பா குடிக்கிறாருங்க, வேற ஆளப் போட்டுக்கோங்க" என்றேன். அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வேறு ஆளைப் போட்டார்கள். கால் சரியில்லாததால்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் ரத்தம் சோதித்த டாக்டர் அப்பாவிடம் கேட்டார்: "குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"கறி?"

"தவக்காலத்துல தொடமாட்டோங்க. நாப்பது நாளும் நெத்திலிக் கருவாடுதான்."

"சரியாப் போச்சு! அதுதான் உங்களுக்கு ஆவாது."

கருவாட்டில் ப்யூரின் அதிகமாம். சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற என்சைம் அதை யூரிக் அமிலமாக்குகிறது. சிறுநீரில் போகாமல் தங்குவது மூட்டில் ஊசி ஊசியாகப் படிகிறது. அந்த என்சைமை அடக்கும் மாத்திரையை, வலி தணிந்ததும் தினமும் சாப்பிடச் சொன்னார்.

பஸ்ஸில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா ஜெர்லினு, கருவாடாம்! உபதேசியாருக்கு நீயே வெளக்கிச் சொல்லு. அடுத்த வருசம் கூப்புடுவாரு."

"நான்தாம்பா உன் பேர எடுக்கச் சொன்னேன். நீ குடிக்கிறன்னு சொல்லிட்டேன்."

கிளியனூரில் அப்பா இறங்க நான் கை நீட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார்.

சாயங்காலம் உபதேசியாரிடம் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னாம்மா? பாதம் கழுவ வந்த மத்த பதினோரு பேருக்கும் தெரிஞ்சிபோச்சே" என்றார்.

மறுநாள் பதினோரு வீட்டுக்கும் போனேன். "எங்கப்பா குடிக்கமாட்டாரு, நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். நான்கு வீடுகளில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்:

"உங்கப்பன் சொல்லி அனுப்புனானா?"