ஆயுத பூஜையன்று ஆஃபில் நின்ற சுவிட்ச்

ஆயுத பூஜையன்று எனக்கு வேலை கிடையாது, அலைச்சல் மட்டும் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் சர்வீஸ் பார்க்கும் ஜெனரேட்டர்களுக்கெல்லாம் நானே வந்து பொட்டு வைக்க வேண்டும் என்பது அவற்றின் சொந்தக்காரர்களின் ஆசை. கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்கும் இயந்திரங்கள் அவை. நான் குனிந்திருக்கும் நேரம் பார்த்து கரண்ட் போனால், சந்தனத்தோடு என் விரல்களும் இன்ஜின் ஃபேனுக்குப் போய்விடும். அதனால் முதலில் பேனலில் உள்ள சுவிட்சை ‘ஆஃப்’புக்குத் திருப்புவேன். பூஜை முடிந்ததும் மறுபடி ‘ஆட்டோ’.

அந்த வருடம் ஐந்தாவது பூஜை திருவொற்றியூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில். பண்டிகை என்று அங்கே யாருக்கும் லீவு விட முடியாது. வாட்ச்மேன் வியாசர்பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பொரு தடவை தூசி துடைக்கிறேன் என்று அந்த சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டார். "இனிமே இது மேல கைய வச்ச, கை இருக்காது" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதற்குப் பிறகு அவர் ஜெனரேட்டர் அறையைப் பெருக்குவதுகூட இல்லை.

பூஜையை முடித்து, கொடுத்த பொரிப் பையை வாங்கிக்கொண்டு எண்ணூருக்குக் கிளம்பினேன்.

மதியம் அங்கே சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சென்டர் மேனேஜர் போன் செய்தார். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் வரவில்லை, நாலு பேர் மெஷினில் இருக்கிறார்கள். பேட்டரியில் மெஷின் கால் மணி நேரம் தாங்கும். "ஜெனரேட்டர் பேட்டரி போயிருக்கும். யாரும் எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்றேன். ரொம்பத் தெளிவாகச் சொன்னேன்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, ரோடெல்லாம் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் இரண்டு முறை வழுக்கி, இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே சிஸ்டர்கள் மெஷின்களில் இருந்த சின்னக் கைப்பிடியைக் கையால் சுற்றி, ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படுத்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, சாப்ட்டு வந்தியா?" என்றார்.

பேனலைப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃபில் இருந்தது, என் சந்தன விரல் ரேகையோடு. திருப்பினேன். சில நொடிகளில் இன்ஜின் பிடித்தது. நாலு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "நீதானே ஆஃப் பண்ணே? நாளையிலேர்ந்து வராதே."

"நான் தொட்ல சார்" என்றார் அவர். "இவுரு போன கையோட பாத்தேன், ஆஃப்ல கீது. கரண்ட் போனப்பவும் பாத்துகினுதான் இருந்தேன். தொட்டா கை இருக்காதுன்னு சொல்லிகீறாரே." அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான்தான் சார் மறந்துட்டேன்" என்றேன். வாட்ச்மேனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று மேனேஜர் நினைத்தார். மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினார். வாட்ச்மேன் வேலை தப்பியது.

எல்லோரும் போன பிறகு அவரை பேனலுக்கு அழைத்துவந்தேன். "இது ஆட்டோவுல இல்லன்னா நீயே திருப்பிடுண்ணா. இப்ப ஒருவாட்டி திருப்பிப் பாரு" என்றேன். அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அவர் தலையாட்டினார். "சரி சார், பாத்துக்கறேன்" என்றார். நான் எவ்வளவோ சொல்லியும், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவர் எடுக்கவே இல்லை.