பட்டாணியின் இரண்டு நாள் விரதம்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால், மீன் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருக்கிறது. உள்ளே பட்டாணி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.



பட்டாணி என் மகளின் கோல்ட் ஃபிஷ். அவள் திருச்சி ஹாஸ்டலில் இருக்கிறாள். “அப்பா, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிட்டிகைதான் சாப்பாடு. அதுக்கு எதாவது ஆச்சு... அப்புறம் லீவுக்கே வரமாட்டேன்” என்று மிரட்டிவிட்டுப் போனவள், ஞாயிறு காலை சிதம்பரத்தில் வந்து இறங்குகிறாள்.

இது என்ன பிரமாதம்? தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தால் ஆயிற்று என்று லுங்கியை மடித்துக் கட்டினேன். எதற்கும் இருக்கட்டுமென்று, தொட்டி வாங்கிய கடலூர் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டேன்.

“சோப்பா? கொன்னுடாதீங்க சார்!” என்று அலறினார். “ஃபில்டர் பஞ்சுல நல்ல கிருமி இருக்கு. அதுதான் அழுக்கத் தின்னு தண்ணியக் காப்பாத்துது. பஞ்ச, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலயே லேசா அலசுங்க. காத்து மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கட்டும். குழாத் தண்ணிய, குளோரின் போக ஒரு நாள் பக்கெட்ல தொறந்து வெச்சு, தெனம் கால்வாசி மட்டும் மாத்துங்க. ஆமா... சாப்பாடு எத்தினி வேள போடுறீங்க?”

“ஒரு வேளைதான்.”

“சும்மா சொல்லாதீங்க சார். மிச்சம் அழுகித்தான் இப்டிக் கலங்கும். வெள்ளி, சனி ரெண்டு நாளு பட்டினி போடுங்க. ஒண்ணும் ஆவாது.”

வீட்டில் விசாரணை ஆரம்பமானது. முதலில் என் மனைவி கோமதி. “காலைல அது என்னையே பாக்குதுங்க. நான் மட்டும் இட்லி தின்னா நல்லாவா இருக்கு?”

அடுத்து, புவனகிரியிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமனார். “மத்தியானம் ஒரு புடி போட்டேன் மாப்ள. அது ஜாஸ்தியா?”

நானா? சாயங்காலம் ஒரு சிட்டிகை. சரி... அது பார்க்கிற பார்வைக்கு, இன்னொரு சிட்டிகை.

பட்டினி என்றதும் மாமா துள்ளி எழுந்தார். “வாயில்லா ஜீவன பட்டினி போடறதா? பாவம் புடிச்சிக்கும் மாப்ள!”

கிருமி, குளோரின் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியில் வேறு வழியில்லாமல், “மாமா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. பட்டாணி விரதம்” என்றேன்.

யோசித்தார். “சனிக்கிழமை?”

“அது பெருமாளுக்கு. நம்ம ஊர்ல நடராஜரும் பெருமாளும் ஒரே கோயில்லதான இருக்காங்க? பெருமாளே மொதல்ல மீனாத்தான வந்தாரு?”

“அப்ப சரி” என்றவர், உணவு டப்பாவை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி! சனிக்கிழமை மதியம் அவர் அசந்த நேரம் பார்த்து, டப்பா பக்கம் மெல்லக் கை நீட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே பேசினார். “விரதத்தக் கெடுக்கறீங்களே மாப்ள... உங்களுக்கே நல்லா இருக்கா?”

நானும் பஞ்சை அலசி, தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். இரண்டே நாள்தான். ஞாயிறு காலை தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காலண்டரில் கிழமை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்துவிட்டது. பட்டாணி வாலை ஆட்டிக்கொண்டு சுற்றுகிறது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பார்த்தாள். “சூப்பர்ப்பா! நீங்க கெடுத்து வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள். மூன்று பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றோம்.

பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். கோமதி ஐந்தாவது இட்லியை வைத்தாள். “என்ன இப்டி எளச்சிட்ட!” மாமா ஆறாவதை வைத்தார். நான் வடையோடு நின்றேன்.

“அம்மா, போதும்! தாத்தா, போதும்! அப்பா... நீங்களுமா?”

பாவம் மீன், அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. இவள் வாய்விட்டுத்தான் சொல்கிறாள்... யார் கேட்கிறோம்?