முதலில் கழி, பிறகு கால்

எங்கள் குப்பத்தில் முதல் கரண்டுக் கம்பம் நட்டார்களே, விளக்கு எரிய ரொம்ப நாளானது, அது வேறு கதை. அதற்கு அடுத்த கோடையில்தான் பட்டணத்துப் பிள்ளைகளைப் பழவேற்காடு ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிவந்தார்கள். படகு தள்ளி ஏரியைக் காட்ட என்னை வைத்தார்கள். ஏரிச் சேறு சில இடத்தில் ஆளை இடுப்புவரை இழுக்கும். கழியை ஊன்றிப் பார்க்காமல் நாங்கள் காலை வைக்கமாட்டோம். அதைத்தான் பிள்ளைகளுக்குப் பழக்கினேன்.

கடைசி நாள், முகாம் எப்படி நடந்தது என்று பார்த்து எழுத ஓர் அதிகாரி வந்தார்.

“ஏம்பா, பசங்கள சேத்துல எறக்கினியா?”

“எறக்கினேன் சார். கர மேல குந்திகினு பாத்தா ஏரி இன்னா தெரியும்?”

“கரெக்டுதான். இதுல கைநாட்டு வை.”

பாராட்டி எழுதியிருக்கிறார் என்று நினைத்து அழுத்தமாகவே வைத்தேன்.

மறு கோடையில் என்னைக் கூப்பிடவில்லை. கேட்கப் போனபோது முகாம் வாத்தியார் அந்தத் தாளைப் படித்துக் காட்டினார். பிள்ளைகளை ஆபத்தில் இறக்கியதைப் படகுக்காரனே ஒப்புக்கொண்டானாம், இனி யாரும் ஏரியில் இறங்கக் கூடாதாம். அன்று பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து அட்டையில் நாரைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே தண்ணீரில் நாரை நின்றது.

இன்றும் இந்தக் கட்டைவிரலைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடுங்கள்: முதலில் கழி, பிறகு கால்.